ஊருக்கே போய்ச் சேர்ந்த தகவல்

சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறவர்களால்தான் இந்த உலகத்தில் பாதிக் குழப்பம் நடக்கிறது. மீதிப் பாதி, கேட்டுவிட்டேன் என்று நினைக்கிறவர்களால். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் படித்த புத்தகங்களில் இதைவிட அழகாக, கட்டம் கட்டி, அம்புக்குறி போட்டிருந்தார்கள். தகவலை அனுப்புகிறவர், அது போகிற வழி, வழியில் குறுக்கிடும் இரைச்சல், பெறுகிறவர், அவர் திருப்பிச் சொல்கிற பதில். அத்தனையையும் மனப்பாடம் செய்து, திட்ட மேலாண்மைப் பரீட்சையில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அதன் பிறகு மரக்காணம் உப்பளத்துக்குப் போய், நல்லபடியாக உயிரோடு இருந்த ஒரு மனிதரைச் சாகடித்தேன்.

(பதற வேண்டாம். அவர் இப்போதும் சௌக்கியம். போன மாதம்கூட மூட்டுவலிக்கு என்ன தைலம் நல்லது என்று என்னிடம் போனில் கேட்டார்.)

அப்போது எனக்கு அது முதல் வேலை. சென்னையில் இருந்த ஒரு சிறிய தொண்டு நிறுவனம் உப்பளத் தொழிலாளர்களுக்கு ஓய்வுக்கூடமும் கழிப்பறையும் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நான் ஒருங்கிணைப்பாளர். ஆறு மாதம் சோதனைக் காலம். தலைவர் சந்திரமோகன் சார் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பார். மக்கள் திரண்டு வந்திருந்தால், திட்டத்தில் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது என்று அர்த்தம். என் வேலை நிரந்தரம். வராவிட்டால் நான் திண்டிவனத்துக்குத் திரும்பிப் போய்ப் பெரியப்பாவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார வேண்டும். அப்பா இதில் தெளிவாக இருந்தார். பெரியப்பா எனக்காக ஒரு ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டதாகத் தகவல்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பது. உப்பளம் அந்த வியாதிக்கு ரொம்பவும் ஒத்துப்போன இடம். குயிலாப்பாளையத்தில் ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலையில் ஸ்கூட்டியில் கிளம்பி ஈ.சி.ஆரில் வந்து உப்பளப் பாதையில் திரும்பினால் போதும், மண் முடிந்து வானம் ஆரம்பித்துவிடும். பாத்தி பாத்தியாக நிற்கிற தண்ணீரில் மேகம் கிடக்கும். வரப்பில் கூடையோடு நடக்கிற பெண்கள் மேகத்தின் மேல் நடப்பதுபோல் தெரிவார்கள். தூரத்து உப்புக் குவியல்கள் வெயில் ஏற ஏறத் தரையை விட்டு மெல்ல எழும்பி மிதக்கும். அதைப் பார்த்தபடி நின்றால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. சம்பளமும் அதற்குத்தான் தருகிறார்கள் என்று எப்படியோ நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த மயக்கத்தில்தான் ஓய்வுக்கூடத்தின் வாசலைக் கடலைப் பார்த்து வைக்கச் சொன்னேன். படுத்தால் கடல் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. (படுக்கப் போவது நானில்லை என்பது அப்போது தோன்றவில்லை.)

தகவல் தொடர்பில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. யாருக்கு, எதை, எப்போது, எந்த வழியில் சொல்வது என்று கலர் கலராகக் கட்டம் போட்டு ஒரு திட்டம் தயாரித்தேன். சாரையும் சேர்த்து வாட்ஸாப் குழு ஒன்று தொடங்கினேன். அதில் தினமும் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்துகொண்டிருந்தன. நான் போட்ட கூட்ட அறிவிப்புகளுக்குப் பதில் வந்ததே இல்லை. உப்புத் தண்ணீர் பட்டால் போன் போய்விடும் என்பதால் பெண்கள் போனை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள் என்பதும், குழுவில் இருந்ததெல்லாம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆலோசனைப் பெட்டி ஒன்றும் வைத்தேன். உப்புக் காற்றில் அதன் பூட்டு இறுகிப்போய் அதைத் திறக்கவே முடியவில்லை. யாரும் ஒன்றும் சொல்லாததால் எல்லோருக்கும் திருப்தி என்று முடிவு செய்தேன். வாரா வாரம் சாருக்கு அனுப்பும் அறிக்கையில் ‘பயனாளிகள் கருத்து: மிகவும் திருப்தி’ என்று ஒரே வரியை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சார் வருகிற நாளுக்கு முந்தின நாள் காலையில் மேஸ்திரி ஏழுமலை அண்ணனிடம், “நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?” என்று கேட்டேன்.

“எதுக்குங்க?” என்றார்.

கூட்டம் நடக்கப்போகிற இடத்தைக் கட்டியவருக்கே கூட்டம் தெரியாது. விஷயத்தைச் சொன்னதும், “பதினோரு மணிக்கா? விடியறதுக்கு முன்ன பாத்தில எறங்கினவங்க. ஒம்போது பத்துக்கெல்லாம் வூட்டுக்குப் போயிருவாங்களே. ஒருத்தர் இருக்கமாட்டாங்க” என்றார்.

என் கண் முன்னால் பெரியப்பாவின் ஸ்டூல் மிதந்து வந்தது.

“அண்ணே, இந்த ஊர்ல ஒரு சேதி எல்லாருக்கும் ஒரே நேரத்துல போய்ச் சேரணும்னா என்ன பண்ணுவாங்க?”

“அதுக்கு தேசிங்கு ஆட்டோ இருக்குது. மைக் கட்டிக்கினு அது ஒரு சுத்து சுத்திச்சுன்னா அனுமந்தையிலேர்ந்து பிரம்மதேசம் வரைக்கும் அத்தினி பேரும் கெளம்பிருவாங்க. வேலைய அப்டியே போட்டுட்டு வந்துருவாங்க.”

“நிஜமாவா?”

“வராம இருப்பாங்களா? நாளைக்கு நமக்கும் நாலு பேர் வேணுமில்ல. ஆனா அது வந்து...”

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டேன். திண்டிவனத்தில் பட்டுப்புடவைத் தள்ளுபடிக்கும் சர்க்கஸுக்கும் குடிநீர் வரிக்கும் ஆட்டோ மைக்கில்தான் சொல்வார்கள். அதில் எனக்கு என்ன புரியாமல் போகப்போகிறது?

தேசிங்கை டீக்கடையில் பிடித்தேன். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அளந்து பேசுகிற நிதானம். ஆட்டோவும் சுத்தமாக இருந்தது. பின்பக்கம் படம் மாட்ட ஒரு சட்டம், அதைச் சுற்றி நிரந்தரமாக ஒரு பிளாஸ்டிக் மாலை. எவ்வளவு முறையாகத் தொழில் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“சென்னையிலேர்ந்து எங்க சார் வர்றாருங்க. அதைச் சொல்லணும்” என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். “ஓய்வுக்கூடம் கட்டற சாருங்களா? போர்டுல படம் பாத்திருக்கேன். வயசு என்னங்க?”

“அம்பத்தெட்டு.”

உச்சுக்கொட்டினார். “சின்ன வயசுதான். புள்ளைங்க?”

“ரெண்டு பொண்ணுங்க. வெளிநாட்ல இருக்காங்க.”

“வந்துருவாங்களா?”

“அவங்க எதுக்குங்க? லீவெல்லாம் கிடைக்காது.”

தேசிங்கு டீ தம்ளரைத் தள்ளி வைத்தார். “காலம் அப்டி ஆயிடுச்சு” என்றார். “போட்டோ ஒண்ணு குடுங்க. போட்டோ இல்லாம சொன்னா மரியாதையா இருக்காது.”

தகவலை எடுத்துச் செல்கிறவர் இவ்வளவு அக்கறையாக விசாரிப்பதை என் பாடப்புத்தகம்கூடச் சொல்லியதில்லை. போனில் இருந்த படத்தை அனுப்பிவிட்டு, ஒரு தாளில் நல்ல தமிழில் எழுதியும் கொடுத்தேன். ‘உப்பளத் தொழிலாளர் நலனுக்காகப் பாடுபட்ட சென்னை திருவாளர் சந்திரமோகன் அவர்கள் நாளை காலை பதினோரு மணியளவில் ஓய்வுக்கூடத்துக்கு வந்து சேர்கிறார். அனைவரும் தவறாமல் வந்து கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ அவர் படித்துப் பார்த்துவிட்டு ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆட்டோ ஊரைச் சுற்றியபோது நான் குயிலாப்பாளையத்துக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வாட்ஸாப் குழுவில் திடீரென்று உயிர் வந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கைகூப்பும் படம் போட்டார்கள். எவ்வளவு பணிவாக வரவேற்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். ஒருவர் எரிகிற மெழுகுவத்தி போட்டிருந்தார். சாருக்குப் பிறந்தநாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, பாவம்.

மறுநாள் காலை உப்பளத்தில் ஒரு ஜீவன் இல்லை. வாருபலகைகள் வரப்பில் சாய்ந்து கிடந்தன. வாரின உப்பு வாரினபடி நடுப் பாத்தியில் நின்றது. எல்லோரும் என் கூட்டத்துக்காக வேலையை விட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். ஓய்வுக்கூடத்து வாசலில் நின்று பார்த்தேன். காற்றில்லை. வானமும் தண்ணீரும் ஒரே வெளுப்பு. அந்த வெளுப்புக்குள்ளிருந்து முதலில் ஒரு கறுப்புக் கோடு வந்தது. பிறகு அது மனிதர்கள் ஆயிற்று. அனுமந்தைப் பக்கமிருந்து ஒரு வரிசை, பிரம்மதேசம் பக்கமிருந்து இன்னொரு வரிசை. பேச்சில்லாமல், நிதானமாக, வரப்பு மேல் நடந்து வந்தார்கள். கையில் மாலைகள். கொஞ்சம் தள்ளிப் பறையடிக்கிறவர்கள்.

நான் அப்படியே மிதந்தேன். எனக்குத் தனி அறை கிடைத்தது. சுழலும் நாற்காலி கிடைத்தது. ஏதோ ஒரு மேடையில், மக்கள் பங்கேற்பு என்றால் என்ன என்று நான் உரையாற்றினேன். பெரியப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அதற்குள் இரண்டு பேர் வந்து சாமியானா போட்டார்கள். நான் சொல்லவே இல்லை. நீல நாற்காலிகள் இறங்கின. அதையும் நான் சொல்லவில்லை. மக்கள் தாங்களாகவே முன்வந்து செய்கிறார்கள்! (அந்த ஆச்சரியக்குறி அன்றைக்கு என் மனதில் இருந்தது. அதனால் இங்கேயும் போட்டிருக்கிறேன்.)

பிறகு ஒரு மினி லாரி வந்தது. அதிலிருந்து நீளமான ஒரு பெட்டியை இறக்கினார்கள். மேலே கண்ணாடி, பக்கத்தில் மோட்டார். இந்த வெயிலுக்குக் கூல்டிரிங்ஸ் வைக்கப் பெட்டி கொண்டுவந்திருக்கிறார்களே என்று மனம் குளிர்ந்து, அருகில் போய்ச் சிரித்தபடி கேட்டேன்.

“இதுல என்னங்க வைக்கப்போறீங்க?”

பெட்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பிளக் பாயின்ட் எங்கம்மா இருக்குது? பாடி வர்றதுக்குள்ள ஜில்லுன்னு ஆவணும்.”

“எந்த பாடி?”

ஏழுமலை அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் புதுத் துண்டு, கண் சிவந்திருந்தது. “மனசத் தேத்திக்கம்மா. உயிரோட வர்றேன்னு சொன்னவரு இப்டி வர்றாரு. கட்டினத ஒரு தபா பாக்கணும்னு கடைசி ஆசையாமே, ஊர்ல பேசிக்கினாங்க. எவ்ளோ பெரிய மனசு.”

“யாருண்ணே செத்தது?”

“இன்னாம்மா இப்டிக் கேக்கற. நீதானே தேசிங்கு ஆட்டோவுல சொல்லச் சொன்ன? கூட்டத்துக்குன்னா அது வராதே.”

அப்போதுதான், அவர் முந்தின நாள் சொல்ல வாயெடுத்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஊரில் தேசிங்கு ஆட்டோ சொல்வது ஒரே ஒரு செய்தியைத்தான். துணிக்கடைக்கு அது போகாது, கூட்டத்துக்குப் போகாது, ஓட்டுக் கேட்கவும் போகாது. அந்த மைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் ஜனங்கள் வாசலுக்கு வருவார்கள். யார் என்று பேரைக் கேட்பார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? உள்ளே போய் வேட்டியை எடுப்பார்கள். நான் பார்த்துப் பார்த்து எழுதிய நல்ல தமிழை ஒருவரும் காதில் வாங்கவில்லை. தேசிங்கே வாங்கவில்லை. பிறகு கேட்டதற்கு, “நீங்க எழுதினதத்தான் படிச்சேன்” என்றார். உண்மைதான்.

சாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ‘சார், தயவுசெய்து கொஞ்சம் தாமதமாக வரவும்’ என்று செய்தி அனுப்பினேன். பிறகு, காரணம் சொல்லவில்லையே என்று, ‘இங்கே உங்களுக்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார்கள்’ என்று இன்னொன்றும் அனுப்பினேன். பாதையில் ஓடிப்போய்க் காரை மறிக்கலாம் என்று திரும்பினால், தூசு கிளப்பிக்கொண்டு வெள்ளைக் கார் கூட்டத்துக்கு நடுவில் வந்தே விட்டது.

கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. பறை அதிர்ந்தது. நான் காரைப் பார்த்தேன். சந்திரமோகன் சார் பின் சீட்டில், கண்ணாடியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கண்ணை மூடிக் கிடந்தார். சென்னையிலிருந்து ஏ.சி. போட்டுக்கொண்டு வந்த சுகத்தில் அசந்து தூங்கியிருக்கிறார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். டிரைவர் கூட்டத்தைப் பார்த்து ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி உறைந்துபோனார். முகத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று யாரோ சொல்ல, பயந்துபோய்ப் பின்கண்ணாடியை இறக்கிவிட்டார்.

அஞ்சலை அக்கா முன்னால் வந்தார். உப்பு வாருகிற பெண்களில் அவர்தான் மூத்தவர். எந்தச் சாவுக்கும் முதல் அடி எடுத்துக் கொடுப்பது அவர்தான். கார்க் கதவில் கை வைத்து ஒப்பாரியைத் தொடங்கினார். மற்ற பெண்கள் தோளில் தோள் சாய்த்து வட்டம் கட்டினார்கள்.

“பட்டணத்துல பொறந்தவரே, எங்க
பாத்தி மேட்ட நெனச்சவரே
வெய்யில் தாங்க மாட்டோமின்னு
கொட்டா கட்டித் தந்தவரே

கொட்டா கட்டித் தந்தவரே, அதக்
கடலப் பாக்க வெச்சவரே
வாச வழி புழுதி வந்து
வட்டில் சோறு கரிக்குதய்யா

கக்கூசு கட்டித் தந்தவரே, அதுல
கொழா வெச்சு முடிச்சவரே
கொழாவுல தண்ணி வருமுன்னே
கொடுத்து வெக்காம போனவரே

படமா வந்து நின்னவரே, ஒருநா
பக்கம் வந்து கேக்கலயே
கேட்டிருந்தா சொல்லியிருப்போம்
கேக்காமலே போனீரய்யா.”

ஒவ்வொரு அடியும் என் அறிக்கையில் ‘மிகவும் திருப்தி’ என்று நான் ஒட்டிய இடத்தில் வந்து விழுந்தது. ஆலோசனைப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டுப் போடாதவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அத்தனையையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டார். சாருக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார். நான் ஜெராக்ஸ் கடைக்காக அழுதேன்.

அழுதபடியே பார்த்தபோது, சாரின் கன்னத்தில் ஒரு ஈ உட்கார்ந்தது. கன்னம் துடித்தது. அவர் விழித்துக்கொண்டுவிட்டார். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. அப்படியே, கடைசி அடி வரைக்கும் அசையாமல் கேட்டார்.

பாட்டு ஓய்ந்து மூக்குச் சிந்துகிற சத்தம் மட்டும் இருந்தபோது, மெல்லக் கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பறை நின்றது. கூட்டம் ஒரே அடியாகப் பின்னால் நகர்ந்தது. பெட்டிக்காரர் ஓடிப்போய் மினி லாரியில் ஏறிக்கொண்டார். “உசுரு இருக்குது, கொஞ்சம் தண்ணி குடுங்கப்பா” என்று ஒரு பெரியவர் சொன்னார். அஞ்சலை அக்கா மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வந்துட்டீங்களா?” என்றார். “அப்ப தண்ணி எப்ப வரும்?”

சந்திரமோகன் சார் காரிலிருந்து இறங்கினார். சாமியானா, பெட்டி, மாலைகள், கடைசியாக நான் என்று வரிசையாகப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். தகவல் தொடர்பு பற்றி நான் படித்த எதுவும் வெளியே வரவில்லை. ஏழுமலை அண்ணன்தான் ஆட்டோ விவகாரத்தை எடுத்துச் சொன்னார். சார் கேட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த சிக்கல் கிளம்பியது. சாவுக்கு வந்தவர்கள் தலை முழுகாமல் வீட்டுக்குள் போகக் கூடாது. யாரும்தான் சாகவில்லையே என்று ஒரு கட்சி. செத்தால் என்ன, சாகாவிட்டால் என்ன, அழுதது அழுததுதானே என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிதான் ஜெயித்தது. ஏழுமலை அண்ணன் சாரைக் கழிப்பறைக்கு அழைத்துப்போய்ப் புதுக் குழாயைத் திருகிக் காட்டினார். குழாய் ஒரு தரம் இருமிவிட்டுச் சும்மா இருந்தது.

“அப்ப எங்க குளிக்கிறது?” என்றார் சார்.

“எங்க குளிக்கிறது? கடல்லதான்” என்றார் அஞ்சலை அக்கா. “நீங்களும் வாங்க. உங்களத்தான் மொத ஆளா முழுக வெக்கணும்.”

அதற்குப் பிறகு நடந்தது கனவா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. அத்தனை ஜனமும் வரப்பு வழியாக நடந்து, ஈ.சி.ஆரில் பேருந்துகளை நிறுத்திச் சாலையைக் கடந்து, கடற்கரைக்குப் போனோம். யாரும் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போக முடியாத மாலைகளை அலையில் விட்டார்கள். ரோஜாவும் சாமந்தியும் கரைக்கு வந்து வந்து போயின. நடுவில் சந்திரமோகன் சார், பேன்ட்டோடு, இடுப்பளவுத் தண்ணீரில். மூன்று தரம் முழுகி எழுந்தார். கடலும் வானமும் ஒரே வெளிச்சமாக இருந்தன. யாரோ எதற்கோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றி, கடைசியில் அத்தனை பேரும் அலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பெரியப்பாவின் கடை ஞாபகமே இல்லை. அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைப்பானேன்.

சார் என் பக்கம் வந்தார். சோதனைக் காலம் முடிகிற இடம் இதுதான் என்று எனக்குத் தெரிந்தது.

“மாலதி, நான் உயிரோட போன எந்தக் கூட்டத்துக்கும் இவ்ளோ பேர் வந்ததில்ல.”

“சாரி சார்.”

“ஆறு மாசமா உங்க ரிப்போர்ட்டப் படிக்கிறேன். ஒரு தடவகூடப் புழுதின்னு ஒரு வார்த்தை வரல.”

அலை ஒன்று முகத்தில் அடித்தது. தண்ணீர் உப்புக் கரித்தது.

“முழிச்சதும் ஏன் சார் கண்ணத் திறக்கல?” என்று மட்டும் கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கக்கூடிய கேள்வியா அது?

“மொதல்ல கனவுன்னு நெனச்சேன். அப்புறம் கேட்டுக்கிட்டே இருக்கணும்னு தோணுச்சு. கண்ணத் திறந்தா நிறுத்திடுவாங்கல்ல?” என்றார். “வேலை உங்களுக்குத்தான். நான் சாகலன்னு ஊருக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பும் உங்களுக்குத்தான். வாட்ஸாப்ல இல்ல. வீடு வீடா.”

கரைக்கு வந்து காரில் இருந்த போனை எடுத்தார். குழாய்த் தண்ணீருக்கு அலுவலகத்தில் யாரையோ பிடித்து அரை மணி நேரம் பேசினார். பிறகு எங்கள் வாட்ஸாப் குழுவைத் திறந்து, தனக்கு வந்திருந்த இரங்கல் செய்திகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தார். கீழே ‘நன்றி’ என்று ஒரு வார்த்தை போட்டார். இரண்டு பேர் உடனே குழுவை விட்டு வெளியேறினார்கள்.

வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் சார் சாகவில்லை என்று சொன்னால், உட்கார வைத்து மோர் கொடுத்து, அவர்கள் வீட்டில் செத்தவர்களைப் பற்றியெல்லாம் சொல்வார்கள். இன்னொரு வீட்டில் வாசலை எந்தப் பக்கம் மாற்றினால் புழுதி வராது என்று கோலக் குச்சியால் வரைந்து காட்டினார்கள். அந்த மழைக்காலம் வருவதற்குள் வாசல் மேற்கே திரும்பியது. குழாயில் தண்ணீரும் வந்தது. கலர் கட்டம் போட்ட என் திட்டத்தை யாரும் தேடவில்லை, நானும் தேடவில்லை.

இந்தக் கதையை நான் வெளியே சொல்லியிருக்கவே மாட்டேன். என் கல்யாணத்துக்கு வந்த ஏழுமலை அண்ணன் சாப்பாட்டுப் பந்தியில் என் மாமியாருக்குச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் யாரிடமும் முகத்துக்கு நேரே குறை சொல்லும் பழக்கம் இல்லை. ஆள் கண்ணயரும் வரைக்கும் காத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சோபாவில் சாய்ந்தால் போதும், ஏழு வயது மகள் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள். “லேப்டாப்பு திறந்தவளே, எங்கள லேசுல மறந்தவளே...” அவள் அப்பா அடுப்படியிலிருந்து பின்பாட்டுப் பாடுவார். மாமியார் டி.வி. சத்தத்தைக் குறைப்பார்.

போன வாரமும் நடந்தது. பீச்சுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னது முதலில் வந்தது. ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு நான் பாதியில் வந்தது அதற்குப் பிறகு. அதற்குப் பிறகு, ராத்திரி கதை சொல்லும்போது பாதியில் போனைப் பார்க்கிறேன் என்றாள். அது எனக்குத் தெரியாது, அவள் கவனிக்கிறாள் என்று. அணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடிக்குப் போய்விட்டாள். அதில் என் சாம்பார் வந்தது. நான் கண்ணைத் திறக்கவே இல்லை.